கரோல்பாக் லாட்ஜில் இரண்டாம் நம்பர் அறை

பிப்ரவரி இரண்டாம் வாரம் நாங்கள் தில்லி போனதற்குக் காரணம் என் கணவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, தாஜ்மகாலைப் பார்த்தே தீருவேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். தங்குகிற இடத்தில் மாடிப்படி ஏற மாட்டேன். கரூரில் முப்பது வருடம் பள்ளிக்கூடப் படி ஏறி இறங்கிய கால்கள் இவை. அந்த நிபந்தனை யார் தலையில் விடியப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என்னுடன் வேலை பார்த்த டீச்சரின் மகள் நர்ஸ். குவைத் போகுமுன் விசாவுக்காகத் தங்கிய இடம் என்று கரோல்பாக்கில் ஒரு லாட்ஜின் எண்ணைக் கொடுத்தாள். தூத்துக்குடிக் குடும்பம், லாட்ஜும் டிராவல்சும் அவர்களே நடத்துகிறார்கள். போனை எடுத்தவர் முதலாளி சவரிமுத்து. கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "இருக்கும்மா, வாங்க" என்றுவிட்டார்.

புதன்கிழமை காலை ஏழு பத்துக்குப் புதுதில்லி ஸ்டேஷனில் இறங்கினோம். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் 'பையா'வும் 'நஹி'யும்தான். அவற்றை மாற்றி மாற்றிச் சொல்லி நூற்றைம்பதுக்குப் படிய வைத்தேன். நாலரை கிலோமீட்டர், இருபது நிமிடம்.

மூன்று மாடிக் கட்டடம், பதினோரு அறை, லிப்ட் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் நம்பர். கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரே அறை, வெஸ்டர்ன் டாய்லெட்டுடன். நாள் வாடகை 1,800, காலைப் பொங்கல் அதில் சேர்த்தி. மாலையில் சவரிமுத்து ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்தேன். வீடு எங்கே என்று கேட்டதற்கு, எந்த ரூம் காலியோ அதுதான் வீடு என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வியாழன் காலை ஐந்தரைக்கு ஆக்ரா கிளம்பினோம். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும், மறந்துவிடாதீர்கள். வேன் போய்வர, டோல் உட்பட 6,500. ஓட்டியவள் சவரிமுத்துவின் மகள் ஆக்னஸ். தில்லியில் பிறந்த பெண். "அங்கிள், பெல்ட் ஜல்தி போடுங்க" என்று என் கணவரை விரட்டினாள். பெல்ட்டைப் போட்ட ஐந்தாவது நிமிடம் அவர் தூங்கிப்போனார். இருநூற்று முப்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம். கம்பெனியின் கதை முழுவதையும் ஆக்னஸ் அந்த வழியில்தான் சொன்னாள்.

ஆரம்பித்து வைத்தவர் அவள் அம்மா ஸ்டெல்லா. தில்லியில் நர்ஸாக இருந்தவர். வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ என்று ஊர்ப் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள், தங்க இடம் இருக்காது. ஸ்டெல்லாவுக்கு நைட் டியூட்டி, வாடகை அறையில் கட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று அதைக் கொடுத்தார். ஒருத்தி போனால் இன்னொருத்தி வந்தாள். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த சவரிமுத்து அவர்களை எம்பசிக்கு அழைத்துப்போவார். விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் தாஜ்மகால் பார்க்க வேண்டும் என்பார்கள், அங்கேயும் அழைத்துப்போனார். இருவருக்கும் கல்யாணம் ஆன பிறகு ஒரு மாடி, அப்புறம் மூன்று மாடி, இரண்டு வேன். ஆனால் குடும்பத்துக்கென்று ஓர் அறை ஒதுக்கியதே இல்லை. அறைகள் நிரம்பினால் சாப்பாட்டு ஹாலில் பாய்தான். கொடுத்த அறையைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது ஸ்டெல்லா வைத்த சட்டம். இடமில்லாமல் வந்து நின்ற பெண்களைப் பார்த்தவர் அல்லவா.

தாஜ் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நுழைவுச்சீட்டு ஐம்பது, சமாதிக்கு மேலும் இருநூறு. என் கணவர் அரை மணி நேரம் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, அதுவே அதிசயம்.

திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தியபோது அம்மாவைப் பற்றிக் கேட்டேன். மூட்டு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாளை டிஸ்சார்ஜ், நேராகத் தில்லியிலேயே துவாரகா பக்கம் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போகிறார் என்றாள். சொந்த லாட்ஜ் இருக்க அங்கே எதற்கு என்றேன். பேச்சை மாற்றினாள். நான் டீச்சர், விடுவேனா?

"ஆறு வாரம் படி ஏறக் கூடாது ஆண்ட்டி. ஆபரேஷன் தேதி குறிச்ச அன்னைக்கு அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ரெண்டாம் நம்பர் இனிமே என் ரூம்னு. அப்பாவும் அச்சா அச்சான்னு தலைய ஆட்டினாங்க. அடுத்த வாரம் நீங்க போன் பண்ணீங்க. அப்பாவுக்கு இருக்குன்னு சொல்லித்தான் பழக்கம்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சொன்னதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். கெஸ்ட்டை ரூமை விட்டு எழுப்பாதீங்க என்று மட்டும் சொன்னாராம்.

வெள்ளி காலை அப்பாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் என் கணவரை எழுப்பினேன். அவர்கள் முந்தின நாள் படுத்திருந்த பதினோராம் நம்பர் மூன்றாவது மாடியில் திறந்தே கிடந்தது. மாடிக்குப் பதினேழு படி, மொத்தம் ஐம்பத்தொன்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் என்னைத் திட்டாத திட்டில்லை. இரண்டாம் நம்பரைப் பெருக்கி, விரிப்பை மாற்றி வைத்தேன்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். துவாரகா போகும் வழியில் துணிமணி எடுக்க நிறுத்தியிருந்தார்கள். நானே வேனுக்குப் போய், அறை காலியாக இருக்கிறது, இறங்குங்கள் என்றேன். ஸ்டெல்லா மறுத்தார். நல்ல உயரம், நரைத்த தலை, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு ரூம் இருக்கும்மா, மேல" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், வாக்கரைக் கேட்டார்.

உள்ளே போனதும் உட்காரவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார், கீசர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். அப்புறம் கட்டிலில் மெல்ல உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, ரிஜிஸ்டரக் கொண்டாங்க. எழுதாம விட்டா நாளைக்கே யார்கிட்டயாவது ரூம் இருக்குன்னு சொல்லிருவீங்க."

சவரிமுத்து கொண்டுவந்து, நின்றபடியே எழுதினார். பெயர், வயது, அறை எண், வந்த தேதி. கிளம்பும் தேதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மனைவியைப் பார்த்தார்.

"நா எங்கயும் போகல" என்றார் ஸ்டெல்லா.

ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று வெளியே போய்விட்டாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

மீதி இரண்டு நாளும் ஐம்பத்தொரு படி ஏறினேன், கால் ஒன்றும் முறிந்துவிடவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குப் படுக்கை விரித்த ஒருத்திக்கு ஒரு தரம் விரித்துப் போட்டேன் என்ற சந்தோஷம் தாஜ்மகாலைவிடப் பெரிதாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: பிப்ரவரியில் காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். ஆதார் அசல் வேண்டும். விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் லாட்ஜின் பெயரை எழுதவில்லை. எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்தால் தாராளமாகப் போங்கள், பொங்கலுக்காகவே போகலாம். படி ஏற முடியாதவர்கள் மட்டும் வேறு இடம் பாருங்கள். சவரிமுத்து போனில் இருக்கிறது என்றுதான் சொல்வார், நம்பாதீர்கள். கீழ்த்தளத்தில் இருப்பது ஒரே அறை. அதில் ஆள் இருக்கிறார்கள்.