அண்ணையின் காலும் மூளையும்

அண்ணைக்கு மறதி நோய் என்று உறுதியான நாளிலிருந்து, அவர் இன்னும் எத்தனை பேரை அடையாளம் காண்கிறார் என்று எண்ணுவதை நான் வேலையாக வைத்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் நான். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. முதலில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு வருடத்தில் அது எட்டானது. இறக்கம் மெதுவாக இருந்தபடியால் நாங்களும் பழகிவிட்டோம். எப்போது எண்ணினாலும் முதல் ஆள் அண்ணிதான்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை எல்லாம் ஒரேயடியாகக் குழம்பிப்போனது. அண்ணை சுவரைப் பார்த்துப் பேசினார், சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிட்டார். குளிக்க மறுத்தார். காலைத் தொடப்போன அண்ணியை உதைத்துவிட்டு, "உவள் ஆர்?" என்று என்னைக் கேட்டார். அன்று என் கணக்கு பூச்சியம்.

"வருத்தம் முத்திப் போச்சுது தம்பி. இப்பிடித்தான் வரும் எண்டு முந்தியே சொன்னவைதானே" என்றார் அண்ணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். உடுப்பிட்டி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப்போன சொந்தக்காரர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மறதி நோய்க்காரருக்கு என்ன வந்தாலும் பழியை அந்த நோயின் தலையிலேயே போட்டுவிடுகிறோம்.

நாலாம் நாள் உடம்பு கொதித்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டொக்டர் இளம் பெண். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அண்ணையின் காலுறையைக் காட்டி, "மேஸைக் கழட்டுங்கோ" என்றார்.

"அது மகன் லண்டனிலையிருந்து அனுப்பினது பிள்ளை. சலரோகக்காரருக்கெண்டே செய்த மேஸ். கழட்டினா காலிலை ஏதும் குத்திப்போடும்" என்றார் அண்ணி.

டொக்டர் தானே குனிந்து கழற்றினார். வலது காலின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. மணம் முகத்தில் அடித்தது. நீரிழிவால் கால் விறைத்துப்போனவர் அண்ணை. கொஞ்சம் நொந்திருந்தாலும் அதை என்ன சொல்லிச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. உதைத்தது அதனால்தான்.

என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போய் டொக்டர் விளக்கினார். நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதிக்கு மூளைக்குள்ளும் காவற் கலங்கள், அதாவது உயிரணுக்கள், உண்டாம். குப்பை அள்ளுவது, செத்ததைத் தின்பது, பழுதான இணைப்புகளைத் திருத்த உதவுவது எல்லாம் அவற்றின் வேலை. மறதி நோயில் அவை ஏற்கெனவே களைத்து, எரிச்சலோடு இருக்கின்றன. காலில் கிருமி புகுந்தால் அந்தச் செய்தி இரத்தத்தோடு மேலே போய்ச் சேர்கிறது. அவை வெறிபிடித்து, பழுதானதோடு நல்ல இணைப்புகளையும் அறுக்கத் தொடங்கிவிடலாம்.

"புண் ஆறினா அதுகளும் அடங்கலாம் ஐயா. அடங்கினா திருத்திற வேலையும் கொஞ்சம் நடக்கும். எவ்வளவு திரும்பும் எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது."

விரல் இரண்டையும் எடுக்கவேண்டும் என்றார்கள். அண்ணி சம்மதிக்கவில்லை. மயக்கமருந்து கொடுத்தால் இருக்கிற கொஞ்ச ஞாபகமும் போய்விடும் என்று பயந்தார். காலை மட்டும்தான் விறைக்கப்பண்ணுவோம் என்று சொன்ன பிறகும் அசையவில்லை. கடைசியில் என்னிடம், "என்னை அவருக்குத் திரும்ப ஞாபகம் வருமோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லும் தம்பி" என்றார்.

போய்க் கேட்டேன். "வரலாம்" என்றார் டொக்டர். அந்தச் சொல்லை அப்படியே கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தேன். அவர் அதை 'வரும்' என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்து சில நாட்களில் அண்ணை தானாகச் சாப்பிட்டார், பேப்பர் கேட்டார். ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, "எட, நீயே? தலை பஞ்சு மாதிரி வெளுத்துப் போச்சு" என்றார். ஒன்று. அடுத்து ஃபோனில் மகன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் மச்சான், பால்காரர். ஐந்து.

அண்ணி தினமும் விடியக் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்பார். "மிஸி, கொஞ்சம் தண்ணி தாரும்" என்பார் அண்ணை. ஆஸ்பத்திரி நேர்ஸ்மாரைக் கூப்பிட்ட மாதிரியே.

அண்ணை இருபத்தாறு வருடம் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். ஒருநாள் கட்டு மாற்றிக்கொண்டிருந்த அண்ணியை விசாரித்தார்.

"நீர் கலியாணம் முடிச்சிட்டீரோ பிள்ளை?"

"ஓம்."

"அவர் என்ன செய்யிறார்?"

"கப்பல் எஞ்சினியர்."

"அப்ப வீட்டிலை நிக்கமாட்டாரே."

"நிக்கிறேல்லை."

"பாவம்" என்றார் அண்ணை.

அன்று குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அண்ணி சொன்னார். "காலிலை ரெண்டு விரலையும் மண்டைக்குள்ளை என்னையும் வெட்டிப்போட்டாங்கள் தம்பி."

காவற் கலங்களின் திருத்த வேலைக்கு மாதக்கணக்கு எடுக்கும் என்று நான் ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் திருப்பிச் சொன்னேன்.

"அம்பத்தொரு வரியம் ஒண்டா இருந்தது என்னோடை. உம்மடை காவல்காரர் பால்காரனையெல்லோ விட்டுவைச்சிருக்கினம்." சிரிக்கத்தான் பார்த்தார். "பறவாயில்லை. இப்பதான் என்னோடை மரியாதையாக் கதைக்கிறார்."

இப்போது ஆறு மாதமாகிறது. புண் மூடிவிட்டது. கணக்கு ஐந்திலேயே நிற்கிறது. இனி ஒரு புண்ணோ, சளிக் காய்ச்சலோ வந்தால் இந்த ஐந்தும் தேறாது என்ற பயத்தில் காலையில் முதல் வேலையாக அவருடைய கால்களைப் பார்க்கப் போகிறேன். அண்ணை விடுவதில்லை. "உனக்கென்ன தெரியும்? மிஸி பாக்கட்டும்" என்று காலை இழுத்துக்கொள்கிறார்.

அண்ணி கீழே குந்தியிருந்து இளஞ்சூட்டு நீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துவாயால் ஒற்றி எடுப்பார். கதிரையில் சரியாமல் இருக்க அண்ணை அண்ணியின் தோளில் ஒரு கையை வைத்திருப்பார். துடைத்து முடிந்த பிறகும் அண்ணி உடனே எழும்புவதில்லை.