அக்கா தைத்த தலையணை உறை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது இது. அந்த மழைக்காலத்தில் வீட்டுக்காரர் மரம் வெட்டப் போன இடத்தில் விழுந்து, இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். இரண்டு பிள்ளைகள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவது நான் ஒருத்திதான். மாதாமாதம் கிடைத்த நிவாரண உணவுப் பொதிதான் எங்களைக் காப்பாற்றியது. அரிசி, பருப்பு, கோதுமை மா, டின் மீன். பொதி கொடுப்பவர்கள் திடீரென்று அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்கள். பொதி வாங்கும் வீட்டிலிருந்து ஒருவர் தொழிற்பயிற்சிக்கு வர வேண்டும், முடிவில் பரீட்சை பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் பொதி கிடையாது.

“நாள் பூரா மலையில முதுகு ஒடியறோமே, அது வேலை இல்லையாமா?” என்று, அதைச் சொல்லக் கூட்டிய கூட்டத்தில் முதலில் கத்தியவள் நான்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. கை அதைவிட மோசம். கத்தி முடித்துவிட்டு, முதல் ஆளாகப் பேர் கொடுத்தவளும் நான்தான். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே, வேறு என்ன செய்வது?

தையல் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள். கல்யாணத்துக்கு முன்பு கொழும்பில் நாலு வருடம் கார்மெண்டில் வேலை செய்தவள் என்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா அக்காதான் திணறினார். புருஷன் இல்லாதவர். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரும் அவரும் அந்தப் பொதியை நம்பித்தான் இருந்தார்கள்.

அந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் குறித்த கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மூத்தவன் என் வயிற்றில் இருந்தபோது என்னால் குனிந்து நிமிர முடியாது. நிறுக்கப் போகும் முன் அக்கா தன் கொழுந்தில் நாலு பிடி அள்ளி என் கூடையில் போடுவார். நான் வேண்டாம் என்றால், “சும்மா நடடி” என்பார். அந்த மாதங்களில் எனக்கு ஒரு நாள்கூட அரைப் பேர் விழவில்லை.

பரீட்சையன்று ஆளுக்கொரு தலையணை உறை தைக்க வேண்டும். டவுனிலிருந்து ஒரு சேர் வந்திருந்தார். அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் அக்காவின் மெஷினில் நூல் சிக்கிக்கொண்டது. அக்கா இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. அவ்வளவுதான், துணியை வெடுக்கென்று இழுத்து என் மெஷினில் வைத்துத் தைத்து, மடித்து அவர் முன்னால் போட்டுவிட்டேன். சத்தியமாக அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடையில் நாலு பிடி போட்ட மாதிரிதான் நினைத்தேன்.

சேர் திரும்பி வந்து இரண்டு உறைகளையும் உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். தையல் முடியும் இடத்தில் மூன்று தடவை திருப்பி அடிப்பது என் கார்மெண்ட் பழக்கம். இரண்டிலும் அது இருந்தது. அவர் அக்காவிடம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, “இதைத் தைச்சுக் காட்டுங்க” என்றார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மெஷின் மிதியில் காலை வைத்ததும் ஊசி படக்கென்று முறிந்தது.

இரண்டு பேரும் பெயில்.

லயத்துக்குத் திரும்பும் வழியில் அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வாசலுக்கு வந்ததும்தான் திரும்பினார்.

“நான் உன்னைக் கேட்டேனா? நூலு சிக்குனா எடுத்துட்டுத் தைக்க எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வகுப்புலயும் தையல் டீச்சரைக் கேட்டுக் கேட்டுப் பழகுனேன். இவளுக்கு ஒண்ணும் வராதுன்னே முடிவு பண்ணிட்டே, இல்ல?”

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் ஏறி அந்த சேரின் ஆபீசுக்குப் போனேன். “தப்பு செஞ்சது என் கை, சேர். என் பொதியை நிப்பாட்டுங்க. அக்காவுக்கு இன்னொரு தடவை குடுங்க” என்றேன். முடியாது, சட்டம் என்றார். “சரிங்க சேர், நான் இங்கதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தவர், நான் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் இறங்கி வந்தார். அடுத்த கிழமை இரண்டு பேருக்கும் தனித்தனியாக மறுபரீட்சை. ஆனால் பாஸானாலும் எனக்கு அந்த மாதப் பொதி கிடையாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க, தினமும் மலையிலிருந்து இறங்கியதும் மண்டபத்துக்கு ஓடினோம். அக்கா போட்ட ஒரே நிபந்தனை, “நீ மெஷினைத் தொடக் கூடாது.” அப்பப்பா, அது லேசான வேலையா? நூல் சிக்கும். என் கை துறுதுறுக்கும். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பரீட்சையில் நான் முதலில் பாஸாகிவிட்டேன். அக்கா தைத்தபோது வெளியே மழையில் நின்றேன். மெஷின் ஓடும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் என் கை கதவுக்குப் போய்த் திரும்பியது. ஒரு இடத்தில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடியும் ஓடியது. கதவைத் திறந்து வந்த அக்கா, “சிக்குச்சு. எடுத்துட்டேன்” என்றார்.

பாஸான அக்காவுக்குப் பொதி கிடைத்த அன்று சாயங்காலம் அவர் என் காம்பராவுக்கு வந்தார். பரீட்சையில் தைத்த அதே தலையணை உறையில் பாதிக்கு மேல் அரிசி. வேண்டவே வேண்டாம் என்று மறுத்தேன்.

“கொழுந்து போட்டப்ப வாங்கிக்கிட்டே. அரிசி போட்டா வாங்க மாட்டியா?”

அழுதுகொண்டே வாங்கினேன். தையல் கொஞ்சம் கோணல்தான். ஆனால் அவ்வளவு பாரத்தைத் தூக்கியும் ஒரு நூல் விடவில்லை.

இன்றைக்கும் யாராவது ஒரு வேலையில் தடுமாறுவதைப் பார்த்தால் என் கை முந்தத்தான் பார்க்கும். அப்போதெல்லாம் அந்தக் கோணல் தையலை நினைத்துக்கொண்டு, “நான் செய்யவா?” என்று முதலில் கேட்கிறேன்.