அடுப்புக்கல் காத்த கார்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு மாசி மாதம், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நடந்தது இது. மறுநாள் ஆற்றுக்கால் பொங்காலை. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு ஊரே அடுப்படி ஆகிவிடும். எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து, கோயில் வாசலில் தொடங்கி ரோடு, சந்து, தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செங்கல் அடுப்பு கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள். முதல் நாளே வந்து மூன்று செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். ஒருத்தி கல் வைத்துவிட்டால் அது அவள் இடம். மந்திரியே காரில் வந்தாலும் இறங்கி நடந்துதான் போக வேண்டும்.

அப்படிப்பட்ட நாளில் என் கார் ரோட்டோரம் படுத்துக் கிடந்தது. சாதாரண காரும் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

மாதச் சம்பளக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். கறிவேப்பிலைக் கட்டு வைக்கக்கூட இடமில்லாத கார் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். விஷயம் இதுதான். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பைபாஸில் பைக்கில் போனபோது ஒரு லாரி அதை எடுத்துக்கொண்டது. செயற்கைக் கால் மாட்டி நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், யாரும் பாவம் பார்க்காத அளவுக்குச் சமாளிக்கிறேன். ஆனால் கிளச் மிதிக்க முடியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்தக் காலுக்குத் தெரியாது. கியர் மாற்றி மாற்றி வண்டி ஓட்டுவது ஒன்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்கிருந்த கிறுக்கு. காலோடு அதுவும் போயிற்று என்று பல நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் வெளிநாடு கிளம்பிய ஒரு டாக்டர் தன் பழைய காரைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதில் கிளச் பெடலே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பட்டைகள். விரலால் இழுத்தால் கியர் மாறும். கிளச்சை அழுத்துகிற வேலையையும் கியரைத் தள்ளுகிற வேலையையும் உள்ளே ஒரு சின்ன ஹைட்ராலிக் பம்ப் எண்ணெயை அழுத்திச் செய்துவிடும். சாதா ஆட்டோமேட்டிக் காரில் வண்டி தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும். இதில் நான் மாற்றினேன். என்னிடம் இல்லாத காலுக்குப் பதில் அந்தப் பம்ப் மிதித்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாலே பம்ப் விழித்துக்கொண்டு 'ங்ஙீ' என்று ஒரு முனகல் விடும். வண்டி எனக்கு வணக்கம் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் முனகல் நீண்டுகொண்டே போனது. ஒரு நொடி கேட்டது, பிறகு ஓயாமல் கேட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காட்டிய இடத்தில் எல்லாம் ஒரே யோசனைதான் சொன்னார்கள். இந்தப் பம்ப் கிடைப்பது குதிரைக் கொம்பு, பேசாமல் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு சாதா கியரும் கிளச் பெடலும் வைத்துவிடலாம் என்றார்கள். வண்டிக்கு அது நல்ல யோசனை. எனக்கு அது மறுபடியும் சுவரைப் பார்த்து உட்காருகிற யோசனை.

கரமனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மார்த்தாண்டத்து மெக்கானிக் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். நல்ல பருமன், அதைவிட நல்ல வாய். "கிளச் பெடல் வெச்சா வண்டி ஓடும் சாரே, நீங்க ஓட்ட மாட்டிய. பின்ன வண்டி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பெங்களூரில் யாரிடமோ சொல்லிப் பம்ப்புக்கு ஏற்பாடு செய்தார். அதுவரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

தொட்டிருக்க மாட்டேன். பொங்காலைக்காகத் தெருவில் நிற்கிற வண்டிகளை எல்லாம் அப்புறப்படுத்தும்படி போலீஸார் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அடுப்பு வைக்க வருகிறவர்களுக்கு நம்மால் இடைஞ்சல் வேண்டாமே என்று மெதுவாக எடுத்துக்கொண்டு மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினேன். தெருமுனையில் பெரிய ரோடு சேருகிற இடத்தில், ஒரு வண்டிக்கு வழிவிட மதிலோரமாகப் பின்னால் போய், மறுபடி முதல் கியரில் போட்டேன். அத்தோடு சரி. பம்ப் உயிரை விட்டது. இடைஞ்சல் வேண்டாம் என்று கிளம்பியவன், ஊருக்கே இடைஞ்சலாக நின்றேன்.

இந்த மாதிரி கியர்பாக்ஸில் ஒரு வம்பு உண்டு. கியரில் இருக்கும்போது பம்ப் போனால், நியூட்ரலுக்கு வராது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. பின்பக்கம் மதிலோடு ஒட்டிவிட்டதால், கிரேன் வந்தால் முன்னால்தான் கொக்கி மாட்ட முடியும். பூட்டிய சக்கரத்தோடு இழுத்தால் கியர்பாக்ஸ் நொறுங்கும். அப்புறம் பம்ப் கிடைத்தும் பிரயோஜனமில்லை, காரைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மறுநாள், அதாவது பொங்காலைக்கு முந்தின நாள் காலையில், பம்ப் தம்பானூருக்குப் பஸ் பார்சலில் வந்துவிட்டது என்று தெரிந்து மெக்கானிக் அதை எடுக்கப் போயிருந்தார். நான் காருக்குக் காவலாக நின்றேன். அப்போது டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை. வெயிலில் நின்று நின்று களைத்துப் போனவர். "சாரே, இது இவிடே இடான் பற்றத்தில்ல" என்றார். இங்கே விட முடியாது, நாளைக்குச் சுற்றிலும் தீ எரியும்போது பெட்ரோல் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் காலைக் காட்டினேன். அதுவரைக்கும் யாரிடமும் காலைக் காட்டி எதுவும் கேட்டவனில்லை. அன்றைக்குப் பேண்ட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் கிரேனுக்குப் போன் செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தென்காசிப் பக்கத்திலிருந்து வேனில் வந்த ஒரு பெண்கள் கூட்டம் தலையில் பானையும் கையில் பையுமாக நடந்து வந்தது. முன்னால் வந்த அக்காள், காரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"யாரு வண்டிய்யா இது? வருசா வருசம் நாங்க அடுப்பு போடுத எடம்லா!"

சரிதான், பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லாத காலிலும் படும்போல. மாமரத்து நிழல் விழுகிற அந்த மதிலோரம்தான் அவர்கள் வழக்கமாக உட்காருகிற இடமாம். அவள் நன்றாகவே சத்தம் போட்டாள். அதற்குள் மெக்கானிக் ஆட்டோவிலிருந்து பம்ப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினார். கிரேன் வரப்போகிறது என்று தெரிந்ததும் போலீஸ்காரரிடம் கெஞ்சத் தொடங்கினார். இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும், கியர்பாக்ஸ் போனால் இந்த மனுஷன் இனி ஓட்டவே முடியாது, சாயங்காலம் வரைக்கும் பொறுங்கள் என்று மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி மன்றாடினார்.

அக்காள் கேட்டுக்கொண்டே நின்றாள். என் காலைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். தூரத்தில் கிரேன் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்து, "கல்ல எறக்குங்கட்டீ. வண்டியச் சுத்தி வைங்க" என்றாள்.

நான் முழித்தேன். பைகளிலிருந்து செங்கற்கள் இறங்கின. வண்டியின் மூக்குக்கு முன்னால் மூன்று, கதவுக்குப் பக்கத்தில் மூன்று என்று என் காரைச் சுற்றி அடுப்பு அடுப்பாகக் கல் வைத்துவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கிரேன் வந்து நின்றது. டிரைவர் கல்லைப் பார்த்தார், போலீஸ்காரரைப் பார்த்தார். கல் வைத்த இடத்தில் எப்படி வண்டியை ஏற்றுவது என்பதுபோல் கையை விரித்தார். போலீஸ்காரர் அக்காளிடம் ஏதோ சொல்லப் போனார்.

"எங்க எடத்துல நிக்கித வண்டிக்கு நாங்கதான் பொறுப்பு. விளக்கு வைக்கதுக்குள்ள எடுத்திருவாவ. நீங்க போயி தண்ணி குடிங்க சார்" என்றாள் அவள்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கும் உள்ளூர நிம்மதிதான் என்று நினைக்கிறேன். விளக்கு வைப்பதற்குள் எடுக்கவில்லை என்றால் கல்லும் பார்க்க மாட்டேன், காலும் பார்க்க மாட்டேன் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கிரேனைத் திருப்பி அனுப்பினார்.

பம்ப் இருந்தது பின் டிக்கிக்குள், அடித்தகட்டுக்குக் கீழே. மதிலுக்கும் காருக்கும் நடுவில் மெக்கானிக் தன் தொப்பையைச் செருகிக்கொண்டு வேலை செய்ததைப் பார்த்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "சிரிங்கோ, சிரிங்கோ. அம்மன் பாத்துகிட்டிருக்கா" என்று அவரும் விடவில்லை. பழைய பம்ப்பைக் கழற்றியதும், எண்ணெய் போகிற குழாய் வாயில் ஒரு தூசி விழக்கூடாது, சுத்தமான துணி வேண்டும் என்றார். அவரிடம் இருந்ததெல்லாம் எண்ணெய் துடைத்துத் துடைத்துக் கருத்துப்போன பஞ்சு வேஸ்ட்டு. அக்காள் தன் பையைத் திறந்து, பொங்கல் பானையைப் பிடித்து இறக்குவதற்கென்று வாங்கி வைத்திருந்த புதுத் துண்டை, விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். என் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

புதுப் பம்ப் மாட்டி, எண்ணெய் ஊற்றி, "கதவத் திறங்க சாரே" என்றார். திறந்தேன். சத்தமே இல்லை. மூடித் திறந்தேன். இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரோடு முழுக்க அதற்குள் கல்லாகிவிட்டது. மெக்கானிக் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு வயர்களைத் தடவிப் பார்த்தார். பிறகு பம்ப்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைப் பிடுங்கிக் காட்டினார். சின்னக் கருப்புப் பெட்டி, உள்ளே கருகிப் போயிருந்தது. இது ஒட்டிக்கொண்டு விடாமல் ஓட்டியதால்தான் பழைய பம்ப்பே செத்திருக்கிறது, இதைப் பார்க்காமல் பம்ப்பை மட்டும் வாங்கிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். கடை எதுவும் திறந்திருக்காது. வேறு வண்டியிலிருந்து எடுக்கலாம், வேனில்கூட இருக்கும், ஆனால் இந்தக் கூட்டத்தில் வண்டிக்கு எங்கே போவது என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்காள் போனை எடுத்துவிட்டாள். அவர்களைக் கூட்டி வந்த வேன் எங்கேயோ ஒரு மைதானத்தில் நின்றது. வேன் டிரைவரிடம் மெக்கானிக்கைப் பேச வைத்தாள். வெகு நேரம் காத்திருந்தோம். கடைசியில் வியர்க்க விறுவிறுக்க அந்த வேன் டிரைவர் கல்லுகளைத் தாண்டித் தாண்டி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ரிலேயை எடுத்துக் கொடுத்தார். எனக்கு நன்றி சொல்ல நேரம் கொடுக்காமல், நாளைக்குச் சாயங்காலம்தானே திரும்புகிறோம், அதற்குள் வேறு வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

ரிலேயைச் சொருகினார்கள். கதவைத் திறந்தேன்.

'ங்ஙீ' என்றது.

அக்காள் நாக்கை மடித்து ஒரு குலவை விட்டாள் பாருங்கள், மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. அடுத்த அடுப்புக்காரர்களும், என்ன ஏது என்று தெரியாமலே குலவையிட்டார்கள். தெருவே குலவையாகிவிட்டது. ஒரு பம்ப்புக்கு இப்படி ஒரு வரவேற்பு உலகத்தில் எங்கும் கிடைத்திருக்காது. எண்ணெய்க் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, தன் லேப்டாப்பை மாட்டி கிளச்சைச் சரி செய்துவிட்டு, கிளம்புங்கள் என்றார் மெக்கானிக்.

எங்கே கிளம்புவது? முன்னால் ரோடு இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை செங்கல், பானை, விறகு, பெண்கள். அத்தனை பேரும் காலையிலிருந்து இடம் பிடித்துக் காவல் இருப்பவர்கள். கல்லை எடுத்தால் இடம் போய்விடும் என்று பாத்ரூமுக்குக்கூடப் பக்கத்திலிருப்பவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள்.

அக்காள் முன்னால் நடந்தாள். ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து ஏதோ சொன்னாள். சிலருக்குத் தமிழ் தெரியாது. கையால் காட்டினாள், தன் இடது காலைத் தட்டிக் காட்டினாள். நான் விரலால் பட்டையை இழுத்து முதல் கியரில் நத்தை மாதிரி ஊர்ந்தேன். எனக்கு முன்னால் பெண்கள் தங்கள் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கார் தாண்டியதும் அதே இடத்தில் திரும்ப வைத்தார்கள். ஒருத்தி இடத்தை இன்னொருத்தி எடுக்கவில்லை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், நான் போன வழி பின்னாலேயே மூடிக்கொண்டு, மறுபடியும் அடுப்பு வரிசையாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் ஓட்டினேன். தெருவோரம் நின்ற போலீஸ்காரர் தானும் குனிந்து ஒரு பாட்டியின் கல்லை நகர்த்தி வைப்பதைப் பார்த்தேன்.

மறுநாள் அந்த மதிலோரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குச் சட்டியில் பொங்கல் வந்தது, அக்காளே கொண்டுவந்தாள். புதுத் துண்டுக்குப் பதில் தன் முந்தானையால் பிடித்துப் பானையை இறக்கியிருக்கிறாள். விரலில் லேசாகச் சுட்டிருந்தது. அதைப் பார்த்து என் மனைவி அன்றே கடைக்குப் போய்த் துண்டு வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கறிவேப்பிலைக் கதையைச் சொன்னாலும், காரை விற்கச் சொல்லி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது ஒவ்வொரு மாசியிலும், தென்காசி வேன் வருவதற்கு முன்பே, அந்த மாமரத்து நிழலில் மதிலோரமாக என் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். வேறு யாரும் கல் வைக்க முடியாது. அக்காளும் கூட்டமும் வந்ததும் கதவைத் திறப்பேன், பம்ப் முனகும், அவர்கள் கேலியாக ஒரு குலவை விடுவார்கள், நான் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் இடத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு வருவேன். மூன்று கல் இடத்துக்காக விடிய விடியக் காத்திருக்கிறவர்கள், பேர்கூடத் தெரியாத ஒருவன் போக வேண்டும் என்பதற்காக அந்தக் கல்லையே மடியில் தூக்கிக்கொண்டார்களே, அதற்கு ஈடாக என்னால் செய்ய முடிந்தது, வருடத்துக்கு ஒரு நாள் அவர்கள் இடத்துக்குக் காவல் நிற்பதுதான்.