கம்பி உட்காரும் பள்ளம்

எங்கள் கோட்டைக்குப்பத்தில் உப்புக் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. என் எலெக்ட்ரிக் கிதாரில், கம்பிகள் படிந்து உட்காரும் ஆறு சின்ன இரும்புத் துண்டுகளும் துருப்பிடித்துவிட்டன. பழைய படகு எஞ்சினில் கிடைத்த பித்தளையை அரத்தால் ராவி நானே புதிதாகச் செய்து மாட்டினேன். நங்கூரக் கயிறு நழுவாதிருக்கப் படகில் பள்ளத்தை ஆழமாக வெட்டுவோம். அதே பழக்கத்தில் இதிலும் ஆழமாக வெட்டிவிட்டேன். விளிம்பு கத்திபோல் இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

தோணிரேவில் ஒரு கல்யாணக் கச்சேரி. எங்கள் பாடகர் காசிம் என் இடப்பக்கம் ஒட்டி நின்று பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் கம்பி அறுந்து அவர் முகத்தில் சுளீரென்று அடித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே ரத்தம். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"இன்னாபா பாக்குற? கண்ணு நல்லாத்தான் கீது. நீ வாசி" என்றவர், கைக்குட்டையால் அழுத்திக்கொண்டே பாட்டை முடித்தார்.

இப்போதெல்லாம் கம்பி மாட்டுமுன், வலை பின்னும் நூலை ஒவ்வொரு பள்ளத்திலும் இழுத்துப் பார்க்கிறேன். நூலில் ஒரு பிசிறு தெரிந்தாலும் மறுபடி அரத்தை எடுப்பேன். காசிமையும் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"தள்ளி நின்னா உன் வாசிப்பு எனக்கு எப்டி கேக்கும்?" என்றார். இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.