ஏகாம்பரம் பாவாவின் வேண்டுதல்

பாவா இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர் மொட்டைத் தலையோடு வந்தார். திருத்தணியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? மலையிலிருந்து இறங்கி, வழி தவறி நம் நெசவுத் தெருவுக்குள் நுழைந்துவிட்டவர் என்றுதான் நினைத்தேன். "ஏகாம்பரம் அண்ணன் வீடு இதானா?" என்று அவர் கேட்டதும், என் அக்கா கன்னியம்மாள் தறியை விட்டு எழுந்துவிட்டாள்.

அக்காவின் கணவர்தான் ஏகாம்பரம்; எனக்குப் பாவா. இன்று அவருடைய காரியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்வது? யுத்தம் வந்து நூல் கிடைக்காமல் போனபோது, தறியைக் கட்டிக்கொண்டு மாரடித்தது போதும் என்று பட்டணத்துக்கு ரயிலேறினார். சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை. பயமாக இல்லையா என்று கேட்டேன். "குழித்தறியில காலை வுட்டுகினே வளந்தவன்டா நானு. அங்க கப்பலுக்கு அடியில ஒரு குழி, அவ்ளோதான்" என்றார்.

கப்பல் மூழ்கியது என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஆள் செத்தார் என்று வரவில்லை. காணவில்லை என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு பட்ட பாட்டை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. உங்களைத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தர்ப்பையில் ஓர் உருவம் செய்து கொளுத்திக் காரியத்தை முடி என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நின்றீர்கள். அக்கா குங்குமத்தோடு ரேஷன் வரிசையில் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "புல்லைக் கொளுத்திட்டு எம் புருஷன் செத்துட்டாருன்னு சொல்லணுமா? கண்ணால பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்" என்றாள் அவள். அரிசி இல்லை, நூல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. அதோடு இந்தச் சண்டையும். யுத்தம் முடிந்தபோது சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

கண்ணால் பார்த்தவர் இப்போது வந்துவிட்டார். பெயர் சவரிமுத்து, தூத்துக்குடிக்காரர், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், பாவாவோடு கரி அள்ளியவர். கப்பல் உடைந்ததும் இருவரும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள்.

"நான் மாதாவைக் கூப்பிட்டேம்மா. 'நீ அந்தம்மாவைக் கூப்புடு, நான் எங்க ஊர்க்காரனைக் கூப்புடறேன், யாரு மொதல்ல வராங்கன்னு பாக்கலாம்'னு அண்ணன் சிரிச்சாரு. கரை சேந்தா ரெண்டு பேரும் உன் மலையில முடி எறக்குறோம்னு எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டாரு. விடியும்போது பலகையில நான் மட்டுந்தான் இருந்தேன்." தலையைத் தடவிக்கொண்டார். "எங்க சாமியார் கேட்டா ஏசுவாரு. ஆனா எம் முடியைக் குடுக்காம இருக்க மனசு கேக்கலை."

அக்கா அழுதாள். நானும் அழுதேன். விஷயம் தெரிந்து நீங்களும் கூடினீர்கள். நாள் பார்க்கத் தொடங்கினீர்கள். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு அவரு முடிக்குப் பதிலா எம் முடியை எறக்கப்போறேன். அதுக்கப்புறம் பொட்டை அழிங்க, தாலியை அறுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"கரை சேராதவனுக்கு வேண்டுதல் ஏதும்மா?" என்றார் உங்களில் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மஞ்சளும் குங்குமமுமாக என்னோடு மலையேறினாள். முடியை இறக்கி, தலையில் சந்தனம் பூசி, கழுத்தில் தாலியோடு படியிறங்கினாள். எதிரே ஏறி வந்த ஓர் அம்மாள், மூச்சு வாங்க நின்று, "வேண்டுதல் பலிச்சுதா தாயீ?" என்று கேட்டாள்.

"ஆங்" என்றாள் அக்கா. "ரெண்டு பேருக்கு வேண்டிக்கினாரு. ஒருத்தரு வந்துட்டாரு."

பாவாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: தனக்காகக் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்துக் கேட்பது. இப்போதெல்லாம் எனக்குச் சாமி கும்பிடவே அலுப்பாக இருக்கிறது. கும்பிட்டால், சவரிமுத்துவின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.