மிதி, புடி, வுடு

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓடினால் மட்டும் போதாது, பாய வேண்டும். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவர். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயும், மீதிப் பாதியில் கரும்பு டிராக்டர் நகரும். இதில் எங்கே பாய்வது என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க, டர்போ இன்ஜின் போட்ட ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கிவிட்டார். வாங்கியதோடு விட்டாரா? கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் லேப்டாப்பை மாட்டி, இன்ஜினுக்கு இன்னும் வலு ஏற்றிக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிக்கு மஸில் கார் என்று பெயராம். நம்முடையது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்பார்.

வலுவை ஏற்றியவர் பிரேக்கைத் தொடவில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்குப் பழைய மாதிரி டிரம் என்று கம்பெனி கொடுத்தபடியே இருந்தது.

என் அக்கா கரியாலூரில் செவிலியர். மாதத்துக்கு ஒருமுறையாவது மலையேறி அவளைப் பார்த்துவிட்டு வருவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி இறங்கும்போதுதான் அது நடந்தது. மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் நாலாவது கியரிலேயே வண்டியை இறங்கவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். முதலில் கருகல் வாசனை வந்தது. யாரோ காட்டில் சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் அவர் இரண்டு மூன்று முறை படபடவென்று மிதித்தார். வண்டி கேட்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். இடது பக்கம் முழுக்கப் பாறையில் தேய்ந்து, சக்கரம் ஓடையில் இறங்கி நின்றது. மறுபக்கம் ஒடித்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

மகளுக்கு அடி இல்லை. விழித்து, வீடு வந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு இது.

"டிரம்மு பிரேக்கு. அதான். பின்னாடியும் டிஸ்க்கு போட்டுட்டா சரியாப்பூடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்கவில்லை. பயந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. டிரம்மாம், டிஸ்க்காம். பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, மகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். இனி அந்தக் காரில் நானும் ஏறமாட்டேன், பிள்ளையையும் ஏற்றமாட்டேன் என்று அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, டிஸ்க் போடும்வரைக்கும்தானே என்றார்.

அதன்பிறகு மலைக்குப் பஸ்தான். சங்கராபுரம் தாலுக்கா ஆபீசுக்கு வேலைக்குப் போய்வருகிற எனக்குப் பஸ் புதிதில்லை. ஆனால் மலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கியர் போடும் அவர் கையையே பார்க்கத் தொடங்கினேன். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில்தான் இறங்கினார். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை எப்போதாவதுதான் தொட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். டர்போ வண்டிக்கும் பஸ்ஸுக்கும் முடிச்சுப் போடாதே என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் முணுமுணுத்தேன்.

சென்னையில் பழைய இரும்புக்கு உடைத்துக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து பின்சக்கர டிஸ்க்குகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களும், கைப்பிரேக் கேபிளும் பார்சலில் வந்தன. அதே காரின் உயர்ந்த ரகத்தில் கம்பெனியே மாட்டுவது என்பதால் அப்படியே உட்காருமாம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், வண்டி நிற்கிற வேலையில் பெரும்பாதி முன்பிரேக்குடையது, இதற்கா இவ்வளவு பாடு என்று கையை விரித்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடப் போகிறது என்று நானும் சொன்னேன். வீட்டுக்காரர் யார் பேச்சையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டியைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, கடை விடுமுறை நாட்களில் தானே கழற்றி மாட்டினார். வேலையில் சுத்தம் என்பதை நான் மறுக்கவில்லை. காயில் கட்டுகிற கை, அவசரப்படாது.

எல்லாம் மாட்டி முடித்தபின் ஒரு வேலை பாக்கி இருந்தது. குழாயைக் கழற்றி மாட்டியதில் பிரேக் ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தின் அருகே சின்ன நட்டைத் திறந்து, காற்றும் ஆயிலும் குமிழியிட்டு வெளியே வந்தபின் மூட வேண்டும். மூடும்வரை மிதியை விடக்கூடாது. விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். என்னைக் கூப்பிட்டார். காரில் ஏறமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே என்றேன். நிற்கிற காரில் உட்காருவதெல்லாம் ஏறுவதில் சேராது என்றார். போனால் போகிறது என்று உட்கார்ந்தேன். மூன்றே வார்த்தை, மிதி, புடி, வுடு, அது தவிர வேறு பேச்சு வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தார்.

இடது பின்சக்கரம் நல்லபடியாக முடிந்தது. வலது பக்கம் வந்தார். மிதி என்றார், மிதித்தேன். புடி என்றார், பிடித்தேன். நட்டைத் திறந்ததும் காலுக்கடியில் மிதி மெல்ல அமிழ்ந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, டிஸ்க்கு போட்டா மட்டும் போதுமா? இனிமே ரெண்டாவது கியர்ல எறங்குவீங்களா?"

"அத வுடு."

விட்டேன்.

சக்கரத்தடியிலிருந்து களக்கென்று ஒரு சத்தம். கையெல்லாம் ஆயிலாக எழுந்து வந்து, கதவோரம் நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு வுட்ட?"

"நீங்கதான வுடுன்னீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. நட்டைத் திருப்ப யாராலும் முடியும், மிதிக்குத்தான் நிதானம் வேண்டும், நீ கீழே போ என்று சொல்லி என்னை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

நான் ஸ்பேனரோடு சக்கரத்தின் பக்கத்தில் குந்தினேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது.

"மிதிங்க," என்றேன். "புடிங்க."

ங்க வேண்டாம் என்று உள்ளிருந்து சொன்னார். நீ ங்க போட்டு முடிப்பதற்குள் மிதி பாதி இறங்கிவிடும் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ங்க இல்லாமல் கூப்பிட்டதில்லை. நாக்கு தயங்கியது.

"மிதி," என்றேன். மிதித்தார்.

"புடி."

நட்டைத் திறந்தேன். நட்டில் மாட்டியிருந்த சின்னக் குழாயில் குமிழிகள் வந்தன. உள்ளே அவர் காலுக்கடியில் மிதி இறங்கியிருக்கும். என் காலில் அதை உணர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரியும். அங்கிருந்தபடியே அவர், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"அன்னிக்கும் இப்டிதான் எறங்கிச்சி. தரைக்குப் போய்ட்ச்சி. கண்ணாடில பாத்தேன், பாப்பா வாயத் தொறந்துகினு தூங்குது. எனக்கு ஒடம்பே இல்லாத மாதிரி ஆயிட்ச்சி. பயந்துட்டேன். நாலாவது கியர்ல எறக்கனது என் தப்புதான்."

நட்டை மூடினேன். பாறையில் தேய்ந்த வண்டியின் பக்கத்தில் நின்று நான் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். இதைச் சொல்ல இந்த மனிதருக்கு இரண்டு டிஸ்க்கும், ஒரு கேபிளும், என் முகம் தெரியாத ஓர் இடமும் தேவைப்பட்டிருக்கின்றன. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூடிய நட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்த மிதியை அவர் விடவில்லை.

"வுடட்டுமா?" என்று கேட்டார்.

"வுடு," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பாமல், மகளைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துவிட்டு முன்னால் ஏறினேன். கரியாலூரில் அக்கா காரைச் சுற்றிவந்து பார்த்து, தேய்ந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கக்கூடாதா என்று கேட்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்று அவரே சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கினோம். மலை இறக்கம் தொடங்குகிற இடத்தில் அவர் வண்டியை இரண்டாவது கியருக்கு மாற்றினார். இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. பாய்வதற்கென்றே வாங்கிய கார் மலை பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸைவிட மெதுவாக இறங்கியது. புது பிரேக்கைத் தொட வேண்டியதே அதிகம் வரவில்லை. தொட்டபோது பிடித்தது.

வண்டியைப் பாறையில் தேய்த்த வளைவு வந்தது. மகள் தூங்கிவிட்டிருந்தாள். நான் வெளியே எதையோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை மட்டும் நீட்டி என் முழங்கால்மேல் வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். என் வலது கால் தரைவிரிப்பை முழு பலத்தோடு மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வுடு," என்றார்.

விட்டேன்.