பனிக்கோட்டு உம்மா

சித்திரக்கதை செய்யும் அந்த இணையத்தளத்தில் இப்போது முக்காடு அணிந்த பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி மருத்துவர், ஒருத்தி கைக்குழந்தையோடு நிற்கிறாள், மூன்றாமவள் மடிக்கணினி வைத்திருக்கிறாள். முக்காட்டின் நிறத்தைக்கூட விரும்பியபடி மாற்றலாம். போன மாதம் புதிய வகுப்புக்குப் பாடம் ஆயத்தம் செய்தபோது அவர்களைக் கண்டேன். சில வருடங்களுக்கு முன்னரே இவர்களில் ஒருத்தி இருந்திருந்தால், ஒரு பிள்ளைக்கு நான் செய்த பிழையைச் செய்திருக்க மாட்டேன் என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால், அது என் பழியைத் தூக்கித் தளத்தின்மேல் போடுகிற வேலை.

யாழ்ப்பாண நகரை ஒட்டிய ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எட்டாம் தரப் பிள்ளைகளைக் கொப்பியில் நாலு வசனம் எழுத வைப்பது பெரும்பாடு. அதையே படத்தில் பேசுகிறவரின் வாய்க்குப் பக்கத்துக் குமிழிக்குள் எழுதச் சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு எழுதுவார்கள். கணினி அறையில் பன்னிரண்டு கணினிகள். ஏழுதான் வேலை செய்யும். இணைப்பு பெரும்பாலும் என் கைத்தொலைபேசியிலிருந்துதான். இலவசக் கணக்கும் ஒன்றே ஒன்று, என் பெயரில். முழு வகுப்பும் அதற்குள்ளேயே படம் செய்யும். யார் செய்ததையும் நான் திறக்கலாம், திருத்தலாம். அது பெரிய வசதி என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஆட்கள், வீடுகள், மரங்கள் எல்லாம் தளத்திலேயே ஆயத்தமாக இருக்கும். இழுத்து வைக்க வேண்டியதுதான். ஆனால் அநேகமாக எல்லாம் குளிர் நாட்டுச் சாமான். கீரிமலைக்குப் போன கதையைச் செய்த பையன் கேணி கிடைக்காமல் ஒரு ஹோட்டல் நீச்சல் தடாகத்தை வைத்தான். புத்தூரிலிருந்து வந்த ஒருத்தி தகப்பனின் வெங்காயத் தோட்டத்தில் ஒரு விண்வெளி வீரரை இறக்கினாள். மருந்து அடிக்கும்போது அப்பா முகத்தை மூடிக்கொள்வாராம். பனி பெய்யும் வீதி, பிரான்சில் மாமன் இருந்தவனுக்கு மட்டும் அச்சாவாகப் பொருந்தியது. சிரித்துச் சிரித்தே சமாளித்தோம்.

நான் சொல்ல வந்த மாணவி சோனகத் தெருவிலிருந்து வந்தவள். வகுப்பில் அவள் ஒருத்திதான் முஸ்லிம் பிள்ளை. தொண்ணூறில் வடக்கிலிருந்த மற்ற முஸ்லிம்கள் எல்லாரோடும் ஊரைவிட்டு அனுப்பப்பட்ட குடும்பம். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த தாய், புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகளோடு திரும்பி வந்தவர். மகளை நாள்தோறும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். பாடசாலை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பெற்றார் கூட்டத்துக்கும் தகப்பன்தான் வருவார். தாயை வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதும் இல்லை, நான் உட்பட.

பெற்றார் பார்க்க மண்டபத்துச் சுவரில் ஒட்டும் கண்காட்சிக்காக, ‘காலையில் என் வீடு’ என்று மூன்று கட்டத்தில் ஒரு கதை செய்யச் சொன்னேன். மற்றவர்கள் குமிழிகளை நிரப்பிக்கொண்டிருக்க, இவள் அந்தப் பாடவேளையின் பாதியை ஆட்களின் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவதிலேயே கழித்தாள்.

“ரீச்சர், தலையை மூடின ஆள் ஒருத்தரும் இல்லையோ?”

“இருக்கிறதிலை ஒண்டை எடும்” என்றேன். எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் கண்டெடுத்தது, தலையையும் சேர்த்து மூடுகிற இளஞ்சிவப்புப் பனிக்கோட்டோடு நின்ற ஒரு பெண்ணை. அதற்குள் முகம் வட்டமாகத் தெரிந்தது. அந்தப் பெண் முதற்கட்டத்தில் பிள்ளையை எழுப்பினாள். இரண்டாவதில் அடுப்படியில் ரொட்டி சுட்டாள். மூன்றாவதில் வாசலில் நின்று கைகாட்டினாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், “எடேய், உவளின்ரை அம்மாவுக்குக் குளிருதாமடா!” என்றான். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அவனிடம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு என் காதில் தங்கிவிட்டது.

மணியடித்த பிறகு அவள் மேசையடிக்கு வந்தாள்.

“கண்காட்சிக்கு உம்மாவும் வரலாமோ ரீச்சர்?”

“ஓம், ஏன் வரக்கூடாது?”

“தன்ரை படம் சுவரிலை இருக்கெண்டு சொன்னா வருவா.”

அதற்குப் பிறகு இரண்டு கிழமையாகத் தாயை அரித்து எடுத்துச் சம்மதிக்க வைத்தாள். ஒவ்வொரு நாளும் வந்து எனக்கும் நிலவரம் சொல்வாள்.

எனக்கு எதுவும் துப்புரவாக இருக்க வேண்டும். ஒரு பிழையைக் கண்டால் கை சும்மா இராது. கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் நல்லூரில் வீட்டிலிருந்து எல்லாருடைய கதைகளையும் திறந்து, அச்செடுக்க முன் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அவளுடையது வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து வருகிற பெற்றாரும் அதிகாரிகளும் சிரிப்பார்களே என்று பட்டது. பட்டியலில் சேலை கட்டிய பெண் ஒருத்திதான் இருந்தாள், நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டோடு. அவளை இழுத்து மூன்று கட்டத்திலும் வைத்தேன். ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பில் பொய் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வெட்கமாக இராது.

தாய் வந்தார். கறுப்பு அபாயா, சாம்பல் நிற முக்காடு. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றவரை மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனாள். நான் நாலடி தள்ளி நின்றேன். தாய் குனிந்து மகளின் பெயரை வாசித்தார். பிறகு மூன்று கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதிலை நான் எங்கை மகள்?”

அவள் படத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இது சும்மா ஒரு கதை உம்மா. எங்கடை வீடில்லை, வேறை ஆற்றையோ வீடு.”

நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ‘நான்தான் மாற்றினேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? சொல்லவில்லை. தாய் என் பக்கம் வந்து, “நல்லாச் செய்திருக்கினம் பிள்ளையள்” என்றார். “நானும் உங்கை கிட்டத்தான் ரெண்டாம் வகுப்புப் படிச்சனான்” என்று யன்னல் பக்கம் கையைக் காட்டினார். பத்து நிமிடம்கூட நிற்காமல் புறப்பட்டுவிட்டார்.

ஆசிரியர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் பாடசாலைகளில் இல்லை. நானும் கேட்கவில்லை. அவளுடைய கதையைத் திறந்து பனிக்கோட்டுப் பெண்ணைப் பழைய இடத்தில் வைத்தேன். அவள் கண்டுகொள்ளட்டும் என்று விட்டேன். அதை அவள் திறந்து பார்க்கவேயில்லை என்று நினைக்கிறேன். என்னோடு முகத்தை முறிக்கவும் இல்லை, வழமைபோலக் கதைத்தாள். அடுத்த தவணை ‘எங்கள் வீட்டில் ஒரு பெருநாள்’ என்று புதிய கதை கொடுத்தேன். உள்ளபடி சொன்னால், அவளுக்காகவே கொடுத்தேன்.

கணினியைத் திறந்ததும் இந்த முறை அவள் பட்டியலை உருட்டவில்லை. சேலையும் பொட்டுமாக நின்றவளை நேரே இழுத்து வைத்து, ‘உம்மா’ என்று கீழே பெயர் எழுதினாள். நான் பின்னால் போய்க் குனிந்தேன்.

“அந்தக் கோட்டுப் போட்டவ எங்கை? அவவை வைக்கேல்லையோ?”

“வேண்டாம் ரீச்சர். பிறகு நீங்கள் இருந்து மாத்த வேண்டி வரும்.”

குத்திக்காட்டும் குரல் இல்லை. எனக்கு ஒரு வேலையைக் குறைத்துத் தருகிற பிள்ளையின் குரல்.

“நான் மாத்தமாட்டன்” என்றேன்.

“ஓம் ரீச்சர்” என்றாள். படத்தை மாற்றவில்லை.